ஒரே சர்வரில் பல குடித்தனம்: ஃபியூஷன்பிபிஎக்ஸ் அமைக்கும் முறை

இணையவழித் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் ஃப்ரீஸ்விட்ச் என்னும் திறமூல மென்பொருளின் மேல் இயங்கும், அதை வலைப்பக்கம் வழியாக நிர்வகிக்க உதவும் ஃபியூஷன்பிபிஎக்ஸை டெபியன் லினக்ஸில் நிறுவினால், ஒரே சர்வரிலிருந்து பல நிறுவனங்களுக்குத் தொலைபேசிச் சேவை வழங்கலாம். நிறுவுவதற்கு ஆயத்த ஸ்கிரிப்ட் இருப்பதால் அதில் பெரிய சிரமமில்லை. ஒண்டுக்குடித்தன வீட்டைப் போல, யார் கதவு எது என்று பிரித்து வைப்பதில்தான் கவனம் வேண்டும்.

இங்கே கதவு என்பது டொமைன், அதாவது இணையப் பெயர். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி டொமைன் உருவாக்கி, அதன் டிஎன்எஸ் பதிவை (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) சர்வரின் ஐபி முகவரிக்குத் திருப்ப வேண்டும். ஜவுளிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் 101 என்ற எக்ஸ்டென்ஷன் (உள் எண்) இருக்கலாம்; எண்ணோடு டொமைனையும் சேர்த்துப் பார்த்தே சர்வர் இரண்டையும் வேறுபடுத்துகிறது. எனவே போனில் சர்வர் முகவரி கேட்கும் கட்டத்தில் டொமைன் பெயரையே இட வேண்டும். அவசரத்தில் ஐபி முகவரியை இட்டுவிட்டால், அந்த 101 எந்தக் குடித்தனத்தைச் சேர்ந்தது என்று சர்வருக்குத் தெரியாது. போன் ரெஜிஸ்டர் ஆகவில்லை, அதாவது சர்வரில் பதிவாகவில்லை என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

உள்வரும் எண்ணை உரிய டொமைனில் சேர்க்கும்போது, சேவை நிறுவனம் அதை +91 என்று அனுப்புகிறதா, 0 என்று தொடங்கி அனுப்புகிறதா என்பதைச் சர்வரின் லாகில் (பதிவேட்டில்) பார்த்து அப்படியே பதிய வேண்டும்.

ஃபயர்வாலில் 16384 முதல் 32768 வரையிலான, குரலைச் சுமக்கும் யுடிபி போர்ட்டுகளைத் திறக்காவிட்டால் மணி அடிக்கும், குரல் வராது. வாடிக்கையாளரின் ரவுட்டரில், அழைப்புத் தகவல்களை இடையில் மாற்றிவிடும் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை அணைத்துவிடுவது நல்லது. போன்கள் சர்வரைத் தொடர்புகொள்ளும் 5060 போர்ட்டை, உள்ளே நுழையத் தட்டிப் பார்ப்பவர்கள் ஓய்வதே இல்லை. தவறான கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் இடும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன், நீளமான கடவுச்சொல் ஆகியவற்றோடு, வெளிநாட்டு அழைப்புகளை எல்லோருக்கும் மூடி வைத்து, எழுதிக் கேட்பவருக்கு மட்டும் திறப்பதே என் வழக்கம். ஒருவர் கடவுச்சொல் களவு போனாலும் கட்டணம் நம் தலையில்தான் விழும்.

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் இணைய வேகம் வேண்டும். ஒலிப்பதிவைச் சுருக்காமல் சேமித்தால் நிமிடத்திற்குச் சுமார் 1 எம்பி ஆகும் என்பதால், எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

வாடிக்கையாளரின் பொறுப்பாளருக்கு அட்மின் உரிமை போதும். சூப்பர்அட்மின் உரிமை கொடுத்தால் எல்லாக் குடித்தனமும் அவர் கண்ணில் படும். வாடிக்கையாளர் ஒருவர் விலகும்போது அவருடைய எண்களைப் புதிய சேவைக்கு மாற்றிக் கொடுத்து, ஒலிப்பதிவுகளை ஒப்படைத்த பின்னரே அவருடைய டொமைனை நீக்க வேண்டும்.