ரோமில் ஒரே நாள்: நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு வழித்திட்டம்

பாளையங்கோட்டையில் டிகிரியை முடித்துவிட்டு ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள், முதல் லீவு கிடைத்ததும் பார்க்க ஆசைப்படுகிற ஊர்களில் ரோம் முன்னால் நிற்கும். ஆனால் கையில் பெரும்பாலும் ஒரு பகல்தான் இருக்கும். ராத்திரி பஸ்ஸில் போய் இறங்க வேண்டும், மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அந்த ஒரு பகலுக்கு விதி ஒன்றுதான்: வரிசையில் நிற்க வேண்டிய இடங்களை உச்சிப்பொழுதுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் நடை. வாடிகன் மியூசியத்தையும் கொலோசியத்தையும் ஒரே நாளில் போட்டால் இரண்டும் அரைகுறை. மியூசியம் மட்டுமே அரை நாளை விழுங்கிவிடும் என்பதால் இந்தத் திட்டத்தில் அது இல்லை. பக்கத்திலேயே இருக்கும் புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதுதான் காலையின் முதல் வேலை.

கிளம்புவதற்கு முன்

கொலோசியம் டிக்கெட்டை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கத்து இடிபாடுகள்) பாலட்டைன் குன்றும் அதிலேயே அடக்கம், 24 மணி நேரம் செல்லும். குறிப்பிட்ட நேரத்துக்கான நுழைவு என்பதால் 10 மணி டிக்கெட்டாகப் பாருங்கள். விற்பனை 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். கோடைக் காலத்தில் காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே விற்பனை திறக்கும் நாளை முன்னதாகவே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். படிவம் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால் அதையே முழுசாகப் போடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் இரண்டு கட்டத்திலும் உங்கள் பெயரையே போட்டுவிடலாம். ஒற்றை எழுத்து இனிஷியலோ வீட்டில் கூப்பிடுகிற பெயரோ வேண்டாம். நாலு பேராகப் போனால் நாலு பேர் பெயரும் தனித்தனியாக வேண்டும். ஒருவன் பெயரில் நாலு டிக்கெட் எடுத்துக்கொண்டு வாசலில் போய் விளக்கம் சொல்லக் கூடாது.

அடுத்தது சலுகை. 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்று போட்டிருப்பார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. ஜெர்மன் பல்கலைக்கழக அடையாள அட்டை வைத்திருப்பதால் இந்தியப் பிள்ளைக்கு அது கிடைக்காது. தெரியாமல் எடுத்தால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். ஆனால் முன்பதிவு கிடையாது, கூட்டம் அலைமோதும். ஒரு நாள் மட்டும் கையில் இருப்பவர் அந்த ஞாயிற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஷெங்கன் நாட்டில் படிக்கிறவர்கள் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். அட்டை மட்டும் போதும் என்று கிளம்புகிறவர்கள் எல்லைச் சோதனையில் மாட்டுகிறார்கள். லண்டனில் படிக்கிறவர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். போன் சிம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது என்றால் இத்தாலியிலும் ரோமிங் கட்டணம் இல்லாமல் ஓடும்.

இறங்கும் இடம்

நெடுந்தூர பஸ்கள் பெரும்பாலும் திபுர்த்தினா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து மெட்ரோ பி லைனில் நாலாவது நிறுத்தம், ஊரின் மத்திய ரயில் நிலையமான தெர்மினி. விமானத்தில் வருகிறவர்கள் ஃபியுமிச்சினோவில் இறங்கினால் தெர்மினிக்கு நேராகப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், 14 யூரோ. அதே விமான நிலையத்திலிருந்து 8 யூரோவுக்கு ஒரு சாதா ரயிலும் உண்டு. அது தெர்மினி போகாது. திராஸ்தெவெரே, ஒஸ்தியென்சே, திபுர்த்தினா வழியாகப் போகும். பேப்பர் டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திவிட வேண்டும். காசு கொடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

பெரிய பையைத் தெர்மினியில் உள்ள பை வைக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். கொலோசியத்துக்குள் பெரிய பையை விட மாட்டார்கள், அங்கே வைத்துவிட்டுப் போகவும் இடமில்லை. தோளில் ஒரு சின்னப் பை, அதில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில். கண்ணாடி பாட்டில் கூடாது.

மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவுக்குள் ஒரே தடவைதான் நுழையலாம், வெளியே வந்தால் தீர்ந்தது. தெர்மினியில் தொடங்கித் தெர்மினியில் முடிக்க மூன்று டிக்கெட் போதும்; திபுர்த்தினாவிலிருந்து வந்து திரும்புகிறவர்கள் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கார்டை நேராகக் கேட்டில் தட்டியும் போகலாம்.

காலை 7 மணி: பேதுரு பேராலயம்

தெர்மினியில் ஏ லைன் ஏறி ஆறாவது நிறுத்தமான ஒத்தவியானோவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் சதுக்கம். பேராலயம் 7 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை சின்னதாக இருக்கும். 10 மணிக்குப் போனால் வளைந்து வளைந்து சதுக்கத்தையே சுற்றி நிற்கும். புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடப்பதால் உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்கு இந்த இடத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

உடை விஷயத்தில் திருச்செந்தூருக்கு நேர் எதிர். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், இங்கே தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண் பெண் இருவருக்கும் இதுதான். அரைக்கால் சட்டையோடு ஜூலை வெயிலில் வந்து நின்று வாசலில் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. பையில் ஒரு துப்பட்டாவோ மெல்லிய துண்டோ இருந்தால் சமாளிக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மிக்கேலாஞ்சலோ செதுக்கிய பியத்தா, இயேசுவின் உடலை மடியில் தாங்கிய மரியாள் சிலை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. குவிமாடத்தின் உச்சிக்கு 551 படி. பாதி வழி லிஃப்டில் போனாலும் 320 படி ஏற வேண்டும். ஒரு நாள் பயணத்தில் இதை விட்டுவிடலாம், பின்னால் நடை பாக்கி இருக்கிறது. வெளியே வந்தபின் சதுக்கத் தரையில் பதித்திருக்கும் வட்டக் கல்லைத் தேடுங்கள். அதன் மேல் நின்று பார்த்தால் சிற்பி பெர்னினி அமைத்த தூண் வரிசைகள் நாலும் ஒன்றாக மறைந்து ஒற்றை வரிசையாகத் தெரியும். மொத்தத் தூண்கள் 284.

இந்தச் சதுக்கத்தில் 2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நட்டாலத்தில் பிறந்தவர், 1745-இல் ஞானஸ்நானம் பெற்றது நம் வடக்கன்குளத்தில். ஊரிலிருந்து ஆச்சியோ சித்தியோ ஜெபமாலை கேட்டிருந்தால் இப்போதே வாங்கி முடித்துவிடுங்கள். சாயங்காலம் இந்தப் பக்கம் திரும்பி வரப் போவதில்லை.

10 மணி: கொலோசியமும் ஃபோரமும்

8:45-க்கு ஒத்தவியானோவில் ஏறி, தெர்மினியில் பி லைனுக்கு மாறி, இரண்டாவது நிறுத்தமான கொலோசியோவில் இறங்குங்கள். ஏ லைனில் ஜேப்படி அதிகம். போன் பின்பாக்கெட்டில் இருக்கக் கூடாது, பை முன்னால் தொங்கட்டும். தெர்மினியிலிருந்து வாடிகன் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் இதற்குப் பேர் போனது. கொலோசிய வாசலில் கையில் நூல் கட்ட வருகிறவர்கள், பழைய படைவீரன் வேஷத்தில் போட்டோவுக்கு நிற்கிறவர்கள், "வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன்" என்கிறவர்கள் என எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்றால் காசு.

கி.பி. 80-இல் திறந்த கட்டடம். வடக்குப் பக்க வளைவுகளின் மேலே அண்ணாந்து பார்த்தால் ரோமன் எண்கள் இன்னும் தெரியும். அந்தக் காலத்து நுழைவாயில் எண்கள் அவை. சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்புக் கொக்கிகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன தடம் அது. உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போதும். கழிப்பறை இங்கேயும் ஃபோரத்திலும் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குள் காப்பிக் கடையில் ஏதாவது வாங்கினால்தான் விடுவார்கள். எங்கே போனாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, பேப்பர்தான்.

ஃபோரத்தில்தான் நெல்லைக்காரர் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் வெயிலைப் பார்த்துவிட்டு அரை மணியில் வெளியேறுகிறார்கள். மூன்று பிரம்மாண்ட வளைவுகளோடு நிற்கும் மாக்சென்தியஸ் மண்டபத்தின் அடியில் இருந்தது டொமிஷியன் பேரரசன் காலத்து மிளகுக் கிடங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு கடல் தாண்டி வந்து இங்கேதான் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. முத்து போனது நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையிலிருந்து. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் குறிப்பு ஒன்று கொற்கையைப் பெயர் சொல்லி, பாண்டியன் நாட்டில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் உடைந்த கல்லுக்கு அர்த்தம் வரும். ஃபோரத்துக்குள் குடிநீர்க் குழாயும் இருக்கிறது, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ரோமில் தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். தெருவில் இரும்புத் தூண் மாதிரி நிற்கும் குழாய்களில் இரவும் பகலும் குடிநீர் ஓடும். வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும், குனிந்து குடிக்கலாம்.

சாப்பாடு

கொலோசியத்துக்கு எதிரே மேஜை போட்ட கடைகளில் உட்காராதீர்கள். பத்து நிமிடம் தள்ளி மோந்தி தெருக்களுக்குள் போனால், சதுரமாக வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சா கடைகள் இருக்கும். விலைப்பலகையில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான விலை. கடைக்காரர் கத்தியை வைத்து இவ்வளவா என்று கேட்கும்போது குறைத்துக் காட்டுங்கள், 200 கிராமே வயிற்றுக்குப் போதும். சைவம் என்றால் மார்கெரித்தா; மரினாராவில் சீஸ்கூட இருக்காது. நெத்திலி மாதிரிக் கருவாட்டு வாசனை வந்தால் அது ஆலிச்சி. சுப்ளி என்று உருண்டையாகப் பொரித்திருப்பதில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். பாஸ்தாவில் கர்பொனாராவும் அமத்ரிச்சானாவும் பன்றி இறைச்சி; காச்சோ இ பெப்பே வெறும் சீஸும் மிளகும். மான்சோ என்றால் மாட்டிறைச்சி.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் அதே காப்பிக்கு விலை வேறு. பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, சீட்டைக் கவுண்ட்டரில் காட்ட வேண்டும். ஊருக்குப் பேச இது நல்ல நேரம்: கோடையில் ரோம் மதியம் 1 மணி என்றால் நெல்லையில் 4:30, குளிர்காலத்தில் 5:30.

மதியத்துக்கு மேல்

இனி நடை. கேபிடல் குன்று ஏறி, சதுக்கத்துக்குப் பின்பக்கம் போனால் காலையில் நடந்த ஃபோரம் முழுதும் கீழே தெரியும், காசில்லை. அங்கிருந்து ஒரு கிலோமீட்டரில் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியான், கட்டணம் 5 யூரோ. இதற்கும் முன்பதிவு செய்துவிட்டால் வரிசை மிச்சம், 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பி இல்லாத காங்கிரீட் குவிமாடம். விட்டமும் தரையிலிருந்து உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். உச்சியில் திறந்த துளை வழியாக மழை உள்ளேயே பெய்யும், தரையில் வடிகால் துளைகள் இருக்கின்றன. பிறகு நவோனா சதுக்கம். நாலு நதி நீரூற்றில் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கங்கை.

சின்னத் தேவாலயங்கள் மதியம் 12:30-க்குச் சாத்தினால் 3, 4 மணிக்குத்தான் திறக்கும். அதனால்தான் ஜெசு ஆலயத்தை இதற்குப் பிறகு வைத்திருக்கிறோம். பாந்தியானிலிருந்து அரை கிலோமீட்டர்தான், உள்ளே போகக் காசில்லை. பலிபீடத்துக்கு வலப்பக்கச் சிறகில் புனித சவேரியாரின் வலது கை பேழையில் இருக்கிறது. 1542 முதல் தூத்துக்குடி, மணப்பாடு முத்துக்குளித்துறைக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த கை. எதிர்ச் சிறகில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் கல்லறை. மாலை 5:30-க்கு அங்கே பீடத்து ஓவியம் இறங்கி, பின்னாலிருக்கும் சிலை தெரிய வரும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இடம் பிடியுங்கள்.

திரேவி நீரூற்றில் கீழே இறங்க ஆட்களை எண்ணித்தான் விடுகிறார்கள். மேல்படியில் நின்று பார்த்துவிட்டு நகரலாம். ஸ்பானியப் படிக்கட்டு 135 படி; களைப்பாக இருந்தாலும் அதில் உட்காராதீர்கள், 2019-இலிருந்து தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். படிக்கட்டின் அடியிலேயே ஸ்பான்யா மெட்ரோ, தெர்மினி மூன்றாவது நிறுத்தம். தெருக்கள் முழுக்கச் சின்னக் கருங்கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். செருப்பில் வந்தவர் இந்நேரம் நொண்டிக்கொண்டிருப்பார், பழகிய ஷூவே சரி.

பஸ் ராத்திரி 9 மணிக்கு என்றால் 7:30-க்கே தெர்மினியில் பையை எடுத்துவிடுங்கள், அங்கேயும் வரிசை உண்டு. திபுர்த்தினாவில் பஸ் நிறுத்தம் ரயில் நிலையத்துக்கு உள்ளே இல்லை. வெளியே வந்து எதிர்ப்பக்கம் கடக்க வேண்டும், பிளாட்ஃபார எண் பலகையில் கடைசி நேரத்தில்தான் வரும்.