ஏ.ஏ. கூட்டம் தேடுவது எப்படி? போன் போடுவதிலிருந்து நாற்காலியில் உட்காரும் வரை

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் (சுருக்கமாக ஏ.ஏ.) இந்தியாவில் 1957 முதல் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும்.

தேடும் முன்

காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கூட்டத்துக்குப் போகப்போகிறோமே என்று ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து மனக்குழப்பம் வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இது உயிரையே பறிக்கக்கூடியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். மருத்துவம் ஒரு பக்கம் நடக்கட்டும், கூட்டத்தையும் தேடலாம்.

படி 1: சரியான இடத்தில் தேடுங்கள்

‘குடி மறுவாழ்வு’ என்று கூகுளில் போட்டால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் மையங்களின் விளம்பரம். நம்பரைத் தட்டினால் “எப்ப அட்மிட் பண்றீங்க?” என்று கேட்பார்கள். அது வேறு சேவை. ஏ.ஏ. யாரையும் அட்மிட் செய்யாது, வண்டி அனுப்பி அழைத்துப்போகாது, பணமும் கேட்காது. இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் நீங்கள் பேசுவது ஏ.ஏ.விடம் இல்லை.

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். நெட் பழக்கம் இல்லாதவர்கள் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-லும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நேரில் கேட்டாலும் பக்கத்தில் நடக்கும் கூட்டத்தைச் சொல்ல வாய்ப்புண்டு.

படி 2: போகும் அன்றே போன் செய்யுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சர்ச் வளாகம், பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் கூடுவார்கள். பள்ளியில் பரீட்சை, சர்ச்சில் திருவிழா என்றால் அறை மாறும், நேரமும் மாறும். பட்டியலில் இருப்பது போன வருட முகவரியாகவும் இருக்கலாம். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனவர் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி கிளம்புவது கஷ்டம்.

ஏ.ஏ. தொடர்பு எண்ணில் பேசுவது எளிது: “வணக்கங்க. ஏ.ஏ. மீட்டிங்குக்கு வரணும், புதுசு. தாம்பரம் பக்கம் இன்னைக்குத் தமிழ்ல எங்க நடக்குது?” எடுப்பவரும் பெரும்பாலும் குடியை விட்டவர்தான், எதற்காகக் கூச்சப்படுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறை, எந்த வாசல், எத்தனை மணி, தமிழா ஆங்கிலமா, திறந்த கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். பெண்கள், பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

படி 3: உங்கள் குடிநேரத்தில் நடக்கும் கூட்டத்தை எடுங்கள்

வீட்டுக்குப் பக்கம் என்பதைவிட இது முக்கியம். வேலை முடிந்து ஏழு மணிக்குக் கடைப்பக்கம் கால் போகும் என்றால், ஏழு மணிக் கூட்டம்தான் உங்களுக்கு. வழியையும் பாருங்கள். வழக்கமான டாஸ்மாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சுற்றிப் போவது வெட்கமில்லை. தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இரண்டு ஏரியா தள்ளிப் போங்கள். ஒன்று நடக்காவிட்டாலும் கைகொடுக்கும்படி இரண்டு கூட்டங்களைக் குறித்து வையுங்கள்.

ஆன்லைன் கூட்டமும் உண்டு. ஜூமில் நுழையும் முன் முழுப்பெயரை எடுத்துவிட்டு முதல் எழுத்தை மட்டும் வையுங்கள். அலுவலக லாகின் வேண்டாம்.

படி 4: வாசலில்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பெரிய போர்டை எதிர்பார்க்காதீர்கள், கதவில் ‘ஏ.ஏ.’ என்று எழுதிய ஒரு தாள் மட்டும் ஒட்டியிருக்கலாம். வாட்ச்மேனிடம் “ஏ.ஏ. மீட்டிங் எந்த ரூம்ணே?” என்றால் போதும், வேறெதையும் விளக்க வேண்டியதில்லை.

படி 5: உள்ளே

பொதுவாக ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், நடுவில் யாரும் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் “இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லிவிடலாம். இனிஷியல், வேலை, ஊர் எதுவும் சொல்ல வேண்டாம். விரும்பியவர்கள் காசு போட ஒரு பை சுற்றி வரும். அது அறை வாடகைக்கும் டீக்கும்தான், புதியவர் கைமாற்றி விட்டாலே போதும். பிரார்த்தனை உண்டு. மதம் சார்ந்ததில்லை, ஆனால் ‘இறைவன்’ என்ற சொல் வரும். நாத்திகர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே கூட்டத்தை வைத்து ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டாதீர்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும், நான்கைந்து இடம் போய்ப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு

அல்-அனான் என்பது குடிப்பவரின் வீட்டாருக்கான தனிக் கூட்டம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் ‘குடி நிறுத்தும் பவுடர்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். உள்ளே டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் டீக்கு நில்லுங்கள். இரண்டு பேரிடம் நம்பர் வாங்கிப் பேப்பரிலும் எழுதி வையுங்கள். நாளைக்கு எங்கே கூட்டம் என்பதை எந்தப் பட்டியலையும்விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.