கும்பகோணம் பக்கம் போகிறவர்களுக்கு: ரோடு நம்பரைத் தெரிந்துகொண்டு போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன வைப்பது என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது ரோட்டைப் பற்றி, அப்புறம் அந்த ரோடு தின்ற நிலத்தைப் பற்றி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். மற்ற ஊர்க்காரர்கள் நம்பரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நாம் விமானம் ஏறிய காலத்து நெடுஞ்சாலை எண்களை மறந்துவிடுங்கள். 2010ல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மொத்தமாகப் புது எண் கொடுத்தது. வடக்கு தெற்காக ஓடுவது இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடுவது ஒற்றைப்படை. கன்னியாகுமரி போகும் பழைய ஏழு இப்போது 44. நமக்கெல்லாம் பழக்கமான 45 துண்டு துண்டாகிவிட்டது: சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு திருச்சி வரை 38. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற 45சி இப்போது 36. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊர்க்காரர்கள் யாரும் இந்த எண்களைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது இன்றைக்கும் மெட்ராஸ் ரோடுதான். இந்த எண்களைக் கட்டிக்கொண்டு அழுவது அலுவலகங்கள் மட்டும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வண்டி. அத்தை பையனின் நண்பருடைய ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்களே ஓட்டுகிற வாடகைக் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். சுங்கச்சாவடிக்கு முன்னால் ஃபாஸ்டேகில் (சுங்கம் தானாகக் கழிவதற்குக் கண்ணாடியில் ஒட்டும் பட்டை) பணம் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். இல்லையென்றால் கூடுதல் கட்டணம். 2025 நவம்பரிலிருந்து யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

வேகத்துக்கு வருவோம். சமதரையில் நாலுவழிச் சாலையை 100 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் வடிவமைக்கிறார்கள். ஒரு தடம் மூன்றரை மீட்டர், நடுவில் தடுப்பு, ஓரத்தில் தார் போட்ட பட்டை. பார்த்தால் மெல்போர்னிலிருந்து சிட்னி போகிற ஹியூம் ஃப்ரீவே மாதிரியே இருக்கும், கால் தானாக அழுத்தும். 2018ல் மத்திய அரசு இப்படிப்பட்ட சாலையில் காருக்கு 100 என்று உயர்த்தியது. 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஆகவே போன் சொல்கிற எண்ணை நம்பாமல், கம்பத்தில் மாட்டியிருக்கிற பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். சென்னைக்குள் 2023லிருந்து காருக்கு 60, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் 30. அபராதம் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனுக்குப் போகும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்.

அறுவடைக் காலத்தில் ராத்திரி ஓட்டவே வேண்டாம். புது ரோட்டில் ஒரு பக்கம் நெல் காய்கிறது. அள்ளிக்கொண்டு போன பிறகும் தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்த கருங்கற்கள் அப்படியே கிடக்கும். எண்பதில் போகும்போது அவை கண்ணில் படாது. எதிர்த்திசையில் வருகிற டிராக்டருக்கு விளக்கும் இருக்காது. அவர்களைத் திட்டியும் பயனில்லை. சொந்த வயலுக்குப் போக, தடுப்பில் திறப்பு இருக்கிற இடம் வரை டீசலை எரித்துக்கொண்டு யார் போவார்கள்? எங்கள் வயலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

பழைய ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம், இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கும். நாலுவழி என்றால் 45 மீட்டரிலிருந்து 60 மீட்டர் அகலம் வரை நிலம் எடுக்கிறார்கள். கரையை உயர்த்துகிறார்கள். எங்கள் வயலில் நின்றால் ரோடு என் தலைக்கு மேலே போகிறது. தண்ணீர் வந்த வாய்க்கால் ஒரு குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது, வந்தால். மிச்சம் இருப்பது ஒரு முக்கோணத் துண்டு. வீடியோ காலில் சித்தப்பா காட்டியபோது அது இவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956இன்படி முதலில், நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று 3ஏ அறிவிக்கை வரும். அது இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வெளியாகும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பிறகு 3டி வந்தால் நிலம் அரசுடையது. 3ஜியில்தான் இழப்பீடு. 2015லிருந்து சந்தை மதிப்புக்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் உண்டு. கும்பகோணத்தில் போடுகிற பத்திரிகை விளம்பரத்தை மெல்போர்னில் யார் படிப்பது? தேடினால் அரசிதழ் இணையத்திலேயே இருக்கிறது. தேட வேண்டும் என்பது தெரிய வேண்டுமே.

அறிவிக்கையில் தாத்தா பெயர். பட்டா மாற்றவில்லை. அப்பா பங்குக்கு நான் ஒரே வாரிசு. வக்கீல் அழகாக மனு எழுதிக் கொடுத்தார், தேசிய நெடுஞ்சாலை எண் 36 என்று. அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று எழுதப்போவதில்லை. நாடா கட்டிய கோப்பைப் பிரித்து, எச்சில் தொடாமல் ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி ஒற்றிப் புரட்டிய எழுத்தர், என் மனுவில் 36ஐச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார்.

“இந்த நம்பர் ரோடு எங்க ஃபைல்லயே இல்லையே மேடம். எங்களுக்கு 45சி.”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“அப்படின்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

லெட்டருக்கு இன்னோர் அலுவலகம். அங்கே, அப்படிக் கடிதம் தருகிற வழக்கம் இல்லை, 2010லேயே அறிவிக்கை வந்துவிட்டதே என்றார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு திரும்பினால், முதல் அலுவலகத்தில் எழுத்தர் விடுப்பில். அவர் வந்தபோது அச்செடுத்த தாளுக்குச் சான்றொப்பம் இல்லை. கடைசியில் மனுவையே 45சி என்று திருத்தி எழுதினோம். சரி, முடிந்தது என்று நினைத்தேன். வாரிசுச் சான்றிதழில் நான் கோ. இனிஷியல், ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. “இது யாரு?” என்றார். நான்தான் என்பதற்கு விஏஓவிடம் ஒரு சான்று. விஏஓ, “ஊர்ல உங்களைப் பார்த்ததே இல்லையேம்மா” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆகவே, மனு எதுவானாலும் “தே.நெ. 36 (பழைய எண் 45சி)” என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அரசிதழில் உங்கள் சர்வே எண் வரும் பக்கத்தைக் கையோடு வைத்திருங்கள். நிலத்தில் ஒரு பகுதி எடுத்தால் உட்பிரிவு எண் மாறும், 112/3 என்பது 112/3ஏ, 112/3பி என்று ஆகிவிடும். எது போனது, எது நம்மிடம் இருக்கிறது என்று புல வரைபடத்தில் சர்வேயரைக் காட்டச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. பரம்பரையாக வருவதற்குத் தடை இல்லை. இதைத் தெரியாதவர்கள் போலப் பேசுகிறவர்கள் உறவிலேயே இருப்பார்கள். இழப்பீட்டுக்கு என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைக்கிற வங்கிக் கணக்கு) வேண்டும், அதைப் போகும் முன்பே திறந்துவிடுங்கள்.

இப்போது சித்தப்பா. தாத்தா நிலத்தில் பாதி அவருடையது. 3ஏ வந்தபோது தன் பெயரில் மட்டும் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “வந்தது வந்துட்ட. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுட்டுப் போயிடும்மா. உனக்கு அங்க என்ன குறை?” சித்தி உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். விடுதலைப் பத்திரம் என்பது என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுப்பது. போட்டால் திரும்ப வராது. போடமாட்டேன் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி போட்டவர் அவர்தான். நான் காடாத்துக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். இத்தனை வருடம் நாற்று நட்டதும், கரை உடைந்தபோது ராத்திரி மண்வெட்டியோடு போனதும் அவர்தான்.

உறவினர் பத்திரத்தை நீட்டும்போது, அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். விமான டிக்கெட் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். தேதி தெரிந்தால் எல்லாக் கையெழுத்தும் முந்தின நாளுக்கு வந்து நிற்கும். பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம், இந்தச் சர்வே எண், இந்த வேலை என்று குறிப்பிட்டுச் சிறப்பு அதிகாரம் கொடுங்கள். வெளிநாட்டில் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புவதானால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விட்டுவிட்டால் இன்னொரு சுற்று அலையணும்.

தொகை குறைவு என்றால் 3ஜி(5)இன்படி நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் அந்த நடுவர் மாவட்ட ஆட்சியர். எங்கள் துண்டுக்கும் அங்கே மனு போட்டிருக்கிறோம், இரண்டு பங்குக்கும் சேர்த்து. நடத்துவதற்குச் சித்தப்பாவுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தேன், பணம் மட்டும் தனித்தனிக் கணக்குக்கு வரவேண்டும் என்று எழுதச் சொன்னேன். பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “அப்போ வக்கீல் ஃபீஸு?” என்று கேட்டார். பாதி என்றேன்.