மாடி டிபிக்கு ஒயர் எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதிதாக வேலைக்கு வரும் பையன்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கீழே மெயின் போர்டிலிருந்து மாடிக்குத் தனியாக ஒரு டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைக்கவேண்டும் என்றதுமே கடைக்குப் போன் போட்டு, "4 எம்எம் ஒரு காயில்" என்று சொல்லிவிடுகிறார்கள் (எம்எம் என்று நாங்கள் சொல்வது ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). லோடு எவ்வளவு, தூரம் எவ்வளவு, எந்தப் பைப் என்று எதுவும் கேட்பதில்லை. எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே தவறுகள் அப்படியே தொடர்கின்றன.

மெயினை ஆஃப் செய்யாமல் கை வைக்காதீர்கள், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ட்ரிப் ஆகிறதென்று எம்சிபியைப் பெரிதாக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு வீட்டில் மாடிப் போர்ஷனில் கருகல் வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். டிபி மூடியைக் கழற்றினேன். எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) முனைக்குப் பக்கத்தில் சிவப்பு ஒயரின் உறை காப்பி நிறமாகியிருந்தது; விரல் பட்டதும் பொரபொரவென்று உதிர்ந்தது. விசாரித்தால், கோடையில் ராத்திரியானால் 32 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆகி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வந்து அதை எடுத்துவிட்டு 63 போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ட்ரிப்பே இல்லை. வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

உள்ளே ஓடியது 4 எம்எம் காப்பர். சுவருக்குள் புதைத்த பைப்பில், 40 டிகிரி வெயில் காலத்தில், அது பத்திரமாகத் தாங்குவது சுமார் 28 ஆம்பியர்தான். பிவிசி உறைக்கு 70 டிகிரி எல்லை. வெப்பம் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்த ஒயரில் 40 ஆம்பியர் ஓடினால் வெப்பம் இரண்டு மடங்கு; உறை 100 டிகிரியைத் தொடும். 63 ஆம்பியர் எம்சிபிக்கு 40 என்பது சாதாரண ஓட்டம், அது விழவே விழாது. உறை சுவருக்குள் கருகிக்கொண்டிருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

டிபியில் எம்சிபி இருப்பது முதலில் ஒயரைக் காப்பாற்றத்தான். அதனால் வரிசை இதுதான்: லோடைக் கூட்டுங்கள், அதற்கு எம்சிபி பாருங்கள், அந்த எம்சிபியைவிட அதிகம் தாங்கும் ஒயரை எடுங்கள். அந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். 1.5 டன் ஏசி இரண்டு, சுமார் 15 ஆம்பியர். 2 கிலோவாட் கீஸர் 9. இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 9. ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து 4. மொத்தம் 37. எம்சிபி 40. 6 எம்எம் ஒயர் அதே பைப்பில் 36 ஆம்பியர் அளவில் நின்றுவிடும், ஆகவே 10 எம்எம்தான். கேட்லாகில் இதைவிடப் பெரிய எண் இருந்தால், அது திறந்த வெளிக்கா பைப்புக்குள்ளா, எத்தனை டிகிரிக்கு என்று பாருங்கள்.

அந்த வீட்டில் பழைய ஒயரை உருவி எடுக்கவே முடியவில்லை. சூட்டில் உறை இளகிப் பைப்போடு ஒட்டிக்கொண்டது. பைப்பும் முக்கால் அங்குலம், இரண்டு மூன்று வளைவு வேறு. சுவரைக் கொத்தி, டைல்ஸ் உடைத்து, பூசி, பெயிண்ட் அடித்து முடிந்தபோது, முதலிலேயே 10 எம்எம் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவைப் போலப் பல மடங்கு போய்விட்டது. வீடு தீப்பிடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம்.

தூரத்தை மறப்பது

25 மீட்டர் தூரம் என்றால் கரண்டுக்கு 50 மீட்டர். போவதும் வருவதும் உண்டு. 4 எம்எம்மில் 32 ஆம்பியர் ஓடினால் சுமார் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 எம்எம்மில் 4-க்கும் குறைவு. தெருவிலேயே 205 வோல்ட் வரும் கோடை இரவில், ஏசி கம்ப்ரஸர் திணறுவதற்கு அந்த 9 வோல்ட் போதும்.

நியூட்ரலையும் எர்த்தையும் மாடி டிபியில் இணைப்பது

நியூட்ரல் பார் தனி, எர்த் பார் தனி. இரண்டையும் லிங்க் போட்டுவிட்டால், திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் ஒயரில் ஓடும். கீழே ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் ஆஃப் ஆகும் சுவிட்ச்) இருந்தால் அது விழும், "ஆர்சிசிபி ரிப்பேர்" என்று அதையும் கழற்றி எறிவார்கள். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ் உடம்பு, கீஸர் உடம்பு எல்லாம் ஷாக் அடிக்கும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சின்ன ஒயர்

ஃபேஸ் 10 என்றால் மற்ற இரண்டும் 10.

பைப்புக்குள் ஜாயிண்ட்

கூடவே கூடாது.

காப்பர் கணக்கை அலுமினியத்துக்குப் போடுவது

காப்பர் 10 எம்எம் வருகிற இடத்தில் அலுமினியம் 16. முனையில் பைமெட்டல் லக் (காப்பரும் அலுமினியமும் சேர்ந்த இணைப்பு முனை).

தோட்டத்து ரூமுக்கு மண்ணுக்குள் சாதா ஒயர்

ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசம் போட்ட கேபிள்) போடுங்கள்.

பிரிகளை வெட்டுவது

10 எம்எம் ஒயர் எம்சிபி முனைக்குள் போகவில்லை என்று அதன் பிரிகளில் (உள்ளே இருக்கும் கம்பி இழைகளில்) சிலவற்றைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டுச் செருகுகிறார்கள். காசு கொடுத்து 10 வாங்கி, முனையில் மட்டும் 6 ஆக்கினால் சூடேறப்போவது அந்த இடம்தான். சாதாரண எம்சிபி முனையே 25 எம்எம் வரை வாங்கும். ஸ்குரூவை முழுவதும் தளர்த்தி, பின் லக் (ஊசி போன்ற இணைப்பு முனை) போட்டு கிரிம்ப் செய்து, அதாவது இறுக அழுத்தி, செருகினால் உள்ளே போய்விடும்.