ஸ்டேபிளா, நைட்லியா? பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிரல்மொழியை நிறுவப் போனால் ஸ்டேபிள் (நிலையான பதிப்பு), எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு), பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), நைட்லி (இரவுதோறும் உருவாகும் பதிப்பு) என்று நாலைந்து பெயர்கள் கண்ணில் படும். எண் பெரிதாக இருப்பதே நல்லது என்று பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டேபிள் என்றால் பிழையே இல்லாதது என்று பொருளில்லை. பைத்தானில் 3.12.1, 3.12.2 என்று திருத்தப் பதிப்புகள் வந்துகொண்டே இருப்பது பிழைகள் இருப்பதால்தான். இன்று ஓடும் நிரல் அடுத்த திருத்தப் பதிப்பிலும் ஓட வேண்டும், அதுதான் ஸ்டேபிள் தரும் வாக்கு. இன்னும் உருவாக்கத்தில் இருக்கும் மேம்பாட்டுப் பதிப்புகளுக்கு அந்த வாக்கு கிடையாது. அவற்றிலும் படிகள் உண்டு. பைத்தானின் முதல் படியான ஆல்ஃபாவில் புது வசதிகள் வரும், போகும். முதல் பீட்டாவோடு புதிதாகச் சேர்ப்பது நின்றுவிடும். கடைசிப் படியான ரிலீஸ் கேண்டிடேட்டில் பிழைத்திருத்தம் மட்டும்தான். ஆல்ஃபாவையும் ரிலீஸ் கேண்டிடேட்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஒரு மொழியின் எண் கணக்கை இன்னொரு மொழிக்குப் பொருத்துவதும் தவறு. பெர்லில் இரண்டாவது எண் ஒற்றைப்படையானால் அது மேம்பாட்டுப் பதிப்பு: 5.37 சோதித்துப் பார்க்க, 5.38 பயன்படுத்த. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இல் 19, 21 இரண்டும் முறையாக வெளிவந்தவைதான், ஆனால் நீண்டகால ஆதரவு 18, 20 பதிப்புகளுக்கே கிடைத்தது. ஜாவாவிலோ அந்த ஆதரவு பெற்றவை 8, 11, 17, 21, 25. எந்த மொழியானாலும் அதன் வெளியீட்டு அட்டவணையைப் படித்துவிடுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

நான் அதிகம் பார்த்த தவறு, நானே செய்ததும்கூட, ஒரே ஒரு வசதிக்காக நைட்லிக்குப் போவது. ரஸ்ட் மொழியில் ஒவ்வோர் இரவும் ஒரு நைட்லி வரும். ஸ்டேபிள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இன்னும் முடிவாகாத வசதிகளை நைட்லியில் மட்டுமே திறக்க முடியும். அப்படி ஒன்றைத் திறந்து ஒரு ப்ராஜெக்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில், ஒரு வரிகூட மாற்றாத நிலையில், சர்வரில் நடக்கும் பில்ட் (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் வேலை) நின்றுவிட்டது. என் கணினியில் மட்டும் ஓடியது. அரை நாள் என் நிரலுக்குள்ளேயே பிழையைத் தேடினேன். பில்ட் சர்வர் ஒவ்வொரு முறையும் புத்தம்புது நைட்லியை இறக்கிக்கொள்கிறது, என் கணினியில் இருப்பதோ மூன்று வாரம் பழையது என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த வசதியின் பெயர் இடையில் மாறியிருந்தது. நைட்லி தேவைதான் என்றால், எந்தத் தேதியின் நைட்லி என்பதை ப்ராஜெக்டின் டூல்செயின் கோப்பில் எழுதிப் பூட்டிவிடுங்கள். பிறர் பயன்படுத்தும் லைப்ரரியை எழுதுகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். உங்கள் லைப்ரரிக்கு நைட்லி வேண்டுமென்றால், அதை எடுக்கும் ஒவ்வொருவரும் நைட்லிக்குப் போயாக வேண்டும்.

சரி, ஸ்டேபிள் என்றால் வெளிவந்த அன்றே மாறிவிடலாமா? பைத்தானின் புதுப் பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. சி மொழியில் பாதி எழுதப்பட்ட லைப்ரரிகள் சில அதற்கான வீல் கோப்புகளை (முன்பே கம்பைல் செய்த நிறுவல் கோப்புகளை) வெளியிடச் சற்றுக் காலம் எடுக்கும். அதுவரை, லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப் என்ற கருவி அவற்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய முயன்று, பக்கம் பக்கமாகப் பிழை காட்டக்கூடும். நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரிகள் தயாரா என்று முதலில் பாருங்கள். லினக்ஸில் இயங்குதளத்தோடு வந்த பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கவே வேண்டாம், இயங்குதளத்தின் கருவிகளே அதை நம்பியிருக்கின்றன. தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

பழையதையே பிடித்துக்கொண்டிருப்பதும் பாதுகாப்பல்ல. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பதினோரு ஆண்டு அவகாசம் இருந்தும் கடைசி மாதத்தில் ஓடியவர்கள் இருந்தார்கள். ஆதரவு முடிந்த பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், மொழிக் குழுவிடமிருந்து திருத்தம் வராது.

பீட்டாவைத் தொடவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேலை ஸ்டேபிளில் நடக்கட்டும். தானியங்கிச் சோதனையில் மட்டும் பீட்டாவையும் சேர்த்து ஓடவிடுங்கள், அது தோற்றாலும் வெளியீடு நிற்காதபடி. உங்கள் நிரல் உடைவதை பீட்டாவிலேயே கண்டு சொன்னால், வெளியீட்டுக்கு முன்பே அதைத் திருத்த வழியுண்டு. வெளிவந்த பிறகு சொன்னால், அந்தப் புது நடத்தையை நம்பி மற்றவர்கள் நிரல் எழுதத் தொடங்கியிருப்பார்கள்.