முதல் பனிக்காலமும் முதல் காரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் படிப்புக்காகவோ வேலைக்காகவோ கனடாவுக்குப் போகிற பிள்ளைகள் பலர், போன ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு பழைய காரை வாங்கிவிடுகிறார்கள். பேருந்துக்காகக் கொட்டும் பனியில் காத்து நிற்கிற பாட்டை நினைத்தால் அது நியாயமான செலவுதான். ஆனால் எந்த வண்டியை வாங்கலாம் என்று அவர்கள் ஊருக்குத் தொலைபேசியில் யோசனை கேட்கும்போது, மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியை அறியாத நாங்கள், கத்திரி வெயிலில் கற்றுக்கொண்ட வாகன அறிவையே அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் சில அப்படி இங்கிருந்து ஏற்றுமதியானவைதாம்.

முதல் தவறு, இருக்கிற பணத்தையெல்லாம் வண்டியின் மேல் போட்டுவிட்டு டயருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் இருப்பது. கால்கரியில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி, பனியில் பயமே இல்லை" என்று சொன்னபோது நானும் தலையாட்டினேன். நவம்பரில் விழுந்த முதல் பனியிலேயே, சரிவான சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டு அவன் பிரேக்கை மிதிக்க, வண்டி நிற்காமல் வழுக்கிப் போய் ஓரத்துக் கம்பத்தில் முட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் முகம்தான் நசுங்கியது.

நடந்தது இதுதான். எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் வண்டி சிக்காமல் கிளம்பும். ஆனால் பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் ஏற்கெனவே உண்டு என்பதால், நிறுத்துகிற வேலையில் அந்த வசதி கூடுதலாக எதையும் தருவதில்லை. மழை பெய்த கயத்தாறுக் கரிசலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு, நகர்வது வேறு, நினைத்த இடத்தில் நிற்பது வேறு என்பது தெரியும். காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், பிரேக் பிடித்த பிறகு ஏறத்தாழ 14 மீட்டரில் நின்றுவிடும். வழவழப்பான பனிக்கட்டியின் மேல் அதற்கு 100 மீட்டர் வரை தேவைப்படலாம். கிளம்பும்போது வழுக்காத வண்டி ஓட்டுநருக்கு ஒரு பொய்த் தைரியத்தையும் கொடுத்துவிடுகிறது என்பதால், சாதாரண முன்சக்கர இழுவைக் காரை வாங்கி மீதிப் பணத்தில் நல்ல பனிக்கால டயர் நான்கு போடுவதே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது தவறு, டயரை அதன் பட்டன் ஆழத்தை, அதாவது தரையைத் தொடும் பரப்பிலுள்ள வெட்டுகளின் ஆழத்தை, மட்டும் வைத்து எடைபோடுவது. இங்கே வெயில்தான் டயருக்குப் பகை. மொட்டையாகாத டயர் நல்ல டயர் என்பது நம் கணக்கு. குளிரில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பரின் தன்மையை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போய்ச் சாலையைப் பற்றும் திறனை இழக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி கலக்கப்பட்டது. ஆகவே சாலையில் பனியே இல்லாத, காய்ந்த குளிர்நாளிலும் அதற்குப் பயன் உண்டு. 'ஆல் சீசன்', அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஆனது, என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும்; அது பனியில் சோதித்துத் தரப்படும் அடையாளம். சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருள்படும் வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்ற எழுத்து, பட்டனின் அமைப்பைக் குறிக்கிறதே தவிர, அப்படிப்பட்ட சோதனைக்குச் சான்று அல்ல. பனிக்கால டயரில் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

செலவைக் குறைக்க இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் போடுவது இன்னொரு தவறு. முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் பிடிக்காது. வளைவில் பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பகுதி சுழன்று முன்னால் வந்துவிடும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது என்பதையும் நண்பர்கள் பேச்சை நம்பிக் கவனிக்காமல் விடக்கூடாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகள் பலவற்றில் அக்டோபர் 1 முதலே அது தேவை. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை கேட்டுப் பெறலாம்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது பெயிண்டின் பளபளப்பில் மயங்காமல் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் ஓடிய லாரியை அப்படிப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை அல்லவா? கனடாவில் பனியைக் கரைக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். அது பிரேக் எண்ணெய் செல்லும் குழாய் வரை அரித்துவிடும். அந்த உப்பும், குளிர் மைனஸ் 10 டிகிரியைத் தாண்டினால் சரியாக வேலை செய்வதில்லை என்பதால், உப்பு போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டக்கூடாது. பாலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கீழேயும் காற்று வீசுவதால், தரையிலுள்ள சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும்.

காற்று அழுத்த விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் நேரெதிராக வேலை செய்கிறது. வெயிலில் டயர் வெடிக்குமென்று காற்றைக் குறைத்தே அடிக்கப் பழகியவர்கள், பனியில் பிடிப்பு கூடும் என்று சொல்லி அங்கும் குறைக்கிறார்கள். குளிரே அந்தக் குறைப்பைச் செய்துவிடுகிறது: வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். செப்டம்பரில் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 15 டிகிரிக் காலையில் ஆறு பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடுவதற்கு முன்பே அளந்து, கதவோரத் தாளில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று, பேறுகாலம் பார்க்கப் போகிற ஆச்சிமார்களுக்கு. குளிருமே என்று குழந்தைக்குப் பஞ்சு வைத்த கனத்த கோட்டைப் போட்டு, அதற்கு மேல் கார் இருக்கையின் பட்டையை மாட்டுகிறோம். மோதலில் பஞ்சு நசுங்க, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்து குழந்தை நழுவிவிடக்கூடும். மெல்லிய உடையோடு உட்காரவைத்துப் பட்டையை இறுக்கிய பிறகு, போர்வையை அதன் மேலே போர்த்த வேண்டும்.