நடுகல்லைப் படம் எடுப்பது எப்படி? செங்கம் பக்கம் முதல் தடவை போகிறவர்களுக்கு

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செங்கம் வந்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கும் சண்டையில் செத்தவனுக்கும், ஊரைக் காக்கப் போய் விழுந்தவனுக்கும் நட்ட கற்கள். படம் எடுக்கப் பெரிய கேமரா எல்லாம் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். ஆனால் முதல் தடவை எடுக்கிற படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: சாம்பல் நிறத்தில் ஒரு பலகை, நடுவில் என்னவோ ஒரு மேடு. எனக்கும் அப்படித்தான் வந்தது.

1. ஊர்ப் பட்டியல்

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. நூலகத்தில் கிடைத்தால் ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போய் “நடுகல் எங்கே?” என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். “வேடியப்பன் கோயில் எங்கே?” என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். இந்தப் பக்கத்தில் பல நடுகற்களுக்கு வேடியப்பன் என்று பெயர் சூட்டித்தான் கும்பிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு நான்கு கல்லுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஏன் என்று மூன்றாவது படியில் தெரியும்.

2. அனுமதி

உங்களுக்கு அது வரலாற்றுச் சின்னம், ஊர்க்காரர்களுக்குச் சாமி. செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியோ பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். மாலையும் மஞ்சளும் கல்லில் வெட்டிய எழுத்தை மறைத்தால் அப்படியே விட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸாலோ சுண்ணாம்பாலோ வரையவே கூடாது. நீங்கள் தப்பாக இழுத்த ஒரு கோட்டை அடுத்து வருகிறவர் எழுத்தென்று நினைத்துப் படிப்பார். நான் பார்த்த ஒரு கல்லில் யாரோ பெயின்டே அடித்திருந்தார்கள்.

3. வெளிச்சம்

முக்கால்வாசி வேலை இங்கேதான். நடுகல்லில் இருப்பது புடைப்புச் சிற்பம், எழுத்தோ மெல்லிய கீறல். வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தால் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் உருவமும் இல்லை. வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும்.

“காலையிலும் மாலையிலும் எடு” என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அதை நம்பிக் கிழக்கு பார்த்த ஒரு கல்லுக்கு ஏழு மணிக்கே போய் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, “பதினொரு மணிக்கு மேல வா தம்பி, சாமி மூஞ்சி அப்பதான் தெரியும்” என்றார். பதினொன்றரைக்குத் திரும்பிப் போனேன். வெயில் மேலேயிருந்து கல்லின் மேல் வழிந்தது. வீரனின் மூக்கு, வில்லின் வளைவு, அதுவரை கண்ணில் படாத இரண்டு வரி எழுத்து, எல்லாம் எழுந்து நின்றன.

ஆகவே போன் திசைகாட்டியில் கல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். கிழக்கு பார்த்த கல்லுக்கு உச்சிக்குச் சற்று முன்னால், மேற்கு பார்த்ததற்கு உச்சி சாய்ந்த உடனே. தெற்கு பார்த்த கல்லுக்கு மார்கழி, தை மாதங்களில் காலை அல்லது மாலை, அப்போது வெயில் பக்கவாட்டில் வரும். வடக்கு பார்த்த கல்தான் தலைவலி. குளிர்காலம் முழுக்க அதன் முகத்தில் வெயிலே படாது. ஜூன் மாதம் நடுப்பகலில் இந்த ஊர்களில் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், அப்போது போனால் மேலிருந்து நல்ல உரசல் வெளிச்சம் கிடைக்கும்.

காத்திருக்க முடியாதா? கூட வந்தவரிடம் கறுப்புக் குடை பிடிக்கச் சொல்லி வெயிலை மறையுங்கள். டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து அடியுங்கள். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம், போனை அசைக்காமல். இடப்பக்க வெளிச்சத்தில் தெரியாத எழுத்து வலப்பக்க வெளிச்சத்தில் தெரியும்.

4. படம்

முதலில் தூரத்திலிருந்து மரம், வரப்போடு ஒன்று. அப்புறம் முழுக் கல். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் வீரனுக்குத் தலை பெரிசாகவும் கால் சிறிசாகவும் வரும், அதனால் கல்லின் உயரத்துக்கு உட்காருங்கள். இரண்டடி பின்னால் போய்க் கொஞ்சம் ஜூம் செய்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இன்னொரு படம். பிளாஷ் வேண்டாம்.

பிறகு மூலை மூலையாக நெருக்கத்தில் எடுங்கள். இந்தப் பக்கத்து எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கென்று தனியாக ஒரு வாசகம் உண்டு. வீரனை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் படத்தில் நாய் கிடைக்காது.

5. குறிப்பு

ஊர், தேதி, மணி, கல் பார்க்கும் திசை, உயரம், அகலம். அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நான்கு வேடியப்பனும் ஒரே வேடியப்பனாகிவிடுவார்.

படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் படத் தொகுப்பு) ஏற்றினால் ஆய்வு செய்கிறவர்களுக்கும் உதவும். ஆனால் பெயர்த்துத் தூக்கிவிடக்கூடிய சின்னக் கல் தனியாகக் கிடந்தால் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் போடாதீர்கள், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத கல் என்று தோன்றினால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, நான்கு பக்க வெளிச்சப் படங்களையும் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.